ரமணாசிரமத்தில் தங்கிய காலண்டர் ஓவியர்

மார்கழி பிறந்தால் திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றி வீட்டு வாடகை ஏறிவிடும். செங்கம் சாலை, ரமண நகர், பெரும்பாக்கம் சாலை என்று மாடி அறை எதுவும் காலியாக இருக்காது. மாசி வெயில் உறைக்கத் தொடங்கியதும் வந்தவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். பெரும்பாலோர் தியானத்துக்கும் கிரிவலத்துக்கும் வருகிறவர்கள். நடுவே ஓவியர்களும் உண்டு. அவர்களிலும் சிலர் தூரிகையைத் தொடுவதே இல்லை. பழைய பேப்பர் கடையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, ஊதுபத்தி அட்டை, பஸ் டிக்கெட், போன வருஷத்துக் காலண்டர் என்று பொறுக்கி எடுத்து, அறைக்குப் போய் வெட்டி ஒட்டிப் படமாக்குகிறார்கள். கொலாஜ், நம் வழக்கில் ஒட்டுப்படம். இப்படி ஓர் ஊரில் தங்கி வேலை செய்வதற்கு இப்போது 'ரெசிடென்சி' என்று பெயர் வந்திருக்கிறது. இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களோடு வந்த சரக்கு என்று உள்ளூரில் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பாடப்புத்தகக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1912-இல் பாரிஸில் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணி ஒன்றைத் தன் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டு பிராக், மரக்கோடு அச்சிட்ட சுவர்க் காகிதத்தை வெட்டித் தன் படத்தில் சேர்த்தார். நவீன ஒட்டுப்படம் இங்கிருந்து தொடங்குகிறது என்பார்கள். அதற்கு நூற்று முப்பது ஆண்டு முன்பே, எழுபது வயது தாண்டிய மேரி டிலேனி என்ற ஆங்கிலேய மூதாட்டி வண்ணக் காகிதத்தை நறுக்கி ஒட்டியே கிட்டத்தட்ட ஆயிரம் பூக்களைச் செய்து முடித்திருந்தார். அவை இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓவியக் கணக்கில் அவரை வெகுகாலம் யாரும் சேர்க்கவில்லை. பாட்டி செய்தால் கைவேலை, பிக்காசோ செய்தால் கலை!

நம் பக்கம் வருவோம். தஞ்சாவூர் ஓவியம் என்றால் வெறும் வண்ணம் அல்ல. பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் மக்கு பூசி மேடாக்கி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிய பிறகுதான் வண்ணமே வருகிறது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் தாளில் அச்சாகி ஊர் ஊராகப் போனபோது நம்மவர்கள் அவற்றை அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிடவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் அந்த லட்சுமிக்கு நிஜத் துணியில் புடவை கட்டி, கரையில் ஜரிகை வைத்து, சம்கி ஒட்டி அலங்கரித்தார்கள். கண்ணாடிக்குள்ளே முகமும் கையும் அச்சுத்தாள், மற்றதெல்லாம் துணி. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் இவற்றைப் பார்க்கலாம்.

இனி ஆசிரமத்துக்குள் போவோம். பின்னாளில் ரமணர் எனப்பட்ட வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது 1896 செப்டம்பர் 1. விரூபாட்சி குகையிலும் பிறகு கந்தாசிரமத்திலும் இருந்தவர், 1922-இல் தாயார் சமாதியான பிறகு மலையடிவாரத்துக்கு இறங்கினார். ஆசிரமம் அங்கேதான் வளர்ந்தது. மலைமேல் இருந்த காலத்தில் கம்பீரம் சேஷய்யர் என்ற அன்பர் கேட்ட சந்தேகங்களுக்கு ரமணர் துண்டுக் காகிதங்களில் பதில் எழுதிக் கொடுத்தார். பின்னால் அந்தத் துண்டுகளைத் தொகுத்துத்தான் 'விசார சங்கிரகம்' ஆயிற்று. ஆசிரமத்தின் பழைய கூடத்தில் அவர் இருந்த நாட்களைப் பற்றி உடனிருந்தவர்கள் எழுதியதைப் படித்தால், கத்தரியும் பசையும் அவர் கையருகே இருந்தது தெரியும். புத்தகம் பிய்ந்தால் தாமே பைண்டு செய்வார். செய்தித்தாளில் அச்சு விழாத வெள்ளை ஓரத்தைக்கூட வீணாக்காமல் நறுக்கிச் சேர்த்துக் குட்டி நோட்டாகத் தைப்பார். இதைக் கலை என்று நான் சொல்லவரவில்லை, சிக்கனம்தான். ஆனால் காகிதத்தை இவ்வளவு மதித்த இடத்தில் ஓர் ஓவியர் வந்து தங்கினார் என்பதுதான் நம் கதை.

அவர் பெயர் சி. கொண்டையராஜு. பிறப்பு 1898, சென்னை. அங்கேயே அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர். நிழல், வெளிச்சம், உடற்கூறு என்று ஐரோப்பிய முறையில் தேர்ச்சி. இளம் வயதில் துறவில் நாட்டம் வந்து ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். ரமணரின் உருவத்தையும் அங்கே தீட்டினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சாப்பாடும் இருக்க இடமும் கிடைத்து, வேலைக்கு நெருக்குதல் இல்லாமல் ஓர் ஓவியர் வாழ்ந்தால் அதைத்தானே இன்று ரெசிடென்சி என்கிறோம்? விண்ணப்பம், தேர்வுக்குழு, கடைசி நாள் கண்காட்சி இதெல்லாம்தான் இல்லை.

துறவு நிலைக்கவில்லை. ஆசிரமத்தை விட்டுப் போனவர் நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் ஓவியராகச் சேர்ந்தார். தர்பார், நந்தவனம், காடு, கைலாசம் எல்லாம் ஆளுயரத்தைத் தாண்டிய படுதாக்களில். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அங்கே உருவானது. போட்டோ எடுப்பது, போட்டோவுக்கு டச்-அப் செய்வது, பின்னணித் திரை எழுதுவது என்று பிழைப்பு ஓடியது. பக்கத்திலேயே சிவகாசி. அச்சகங்களுக்கு ஆண்டுதோறும் காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். அதன் பிறகு நடந்ததை உங்கள் வீட்டுச் சுவரே சொல்லும்: மீனாட்சி கல்யாணம், கஜலட்சுமி, முருகன்.

அவருடைய அம்மன் படம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். தேவி நேராக நம்மைப் பார்க்கிறாள். அறையின் எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கண் நம்மை விடாது. முகத்தில் ஓவியப் பள்ளியின் நிழல்-வெளிச்சம். பின்னால் இருக்கும் தூணும் வளைவும் தூரத்து மலையும் அப்படியே நாடகப் படுதா. நிற்கும் தோரணை, போட்டோ ஸ்டூடியோவில் 'அசையாதீங்க' என்றதும் நிற்கிறோமே, அதுதான். நகை மட்டும் தஞ்சாவூர்ப் படத்திலிருந்து எடுத்து வைத்த மாதிரி புடைத்து மின்னுகிறது. பசையே படாமல் செய்த ஒட்டுப்படம் என்று இதைச் சொல்வேன். இது என் வாதம்; ஓவிய வரலாற்றாசிரியர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

பசை பட்ட வேலையும் காலண்டர் தொழிலில் தாராளமாக நடந்தது. காலண்டர் ஓவியர்கள் பழைய அச்சுப் படங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். 'அந்தப் படத்து முகம் நல்லா ஓடுச்சு, இந்தப் படத்துப் பின்னணி போடுங்க' என்பார் காலண்டர் போடுகிறவர். தலையை வெட்டிப் புதிய உடம்பில் ஒட்டி, சேர்ந்த இடம் தெரியாமல் போஸ்டர் கலரால் மூடி, கேமராவுக்கு அனுப்பிவிடுவார்கள். அச்சில் வெட்டு தெரியாது. பாரிஸ்காரர்கள் ஒட்டிய விளிம்பு பார்ப்பவருக்குத் தெரியட்டும் என்று விட்டார்கள். சிவகாசிக்காரர்கள் தெரியவே கூடாது என்று உழைத்தார்கள். சாமிக்கு ஒட்டுப் போட்டது தெரிந்தால் யார் கும்பிடுவார்?

கொண்டையராஜு திருமணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், எம். ஸ்ரீனிவாசன் போன்ற சீடர்களே அவருக்குக் குடும்பம். பல படங்களில் குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்டிருப்பார்கள். 'என் பாணி, என் பெயர்' என்று ஓவியர்கள் போட்டி போட்ட நூற்றாண்டில் இது சாதாரணம் அல்ல. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பத்திக் துணி விற்ற காசில் ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். கோவில்பட்டியில் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஒரு கூட்டுக்குடும்பம் இதே போல நடந்ததை மட்டும் விட்டுவிடுகிறோம். காலண்டர் என்றால் இளக்காரம்.

ஆசிரமத்துக்கு வந்த இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். வானில் ஒளி ஒன்று நகர்ந்துபோனதைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசி நாட்களை நாம் இன்று பார்ப்பதில் பெரும்பங்கு அவர் படங்கள் வழியாகத்தான். இவரும் ஓவியம் படித்தவர். இருபது சொச்சம் வயதில், மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியரின் தாக்கத்தில் சில ஒட்டுப்படங்கள் செய்திருக்கிறார். பிற்காலத்தில், எடுத்த போட்டோவின் ஓரத்தை யாரும் வெட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவரும் இவரே. கொண்டையராஜு அப்போது கோவில்பட்டியில் இருந்தார். வெட்டுவதும் ஒட்டுவதும் அவருடைய காலண்டர் தொழிலில் அன்றாடப் பாடு.

அச்சகத்தோடும் கதை நிற்கவில்லை. வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, சாமியை மட்டும் வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் சேர்த்து, அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டது நம் வீட்டுப் பெண்கள். தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம், டீக்கடை கல்லா, லாரி முன்கண்ணாடி எல்லாம் அந்த வெட்டல்கள். ஒரே சுவரில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் எம்.ஜி.ஆரும் அருகருகே. இதற்கு யாரும் கண்காட்சி வைக்கவில்லை.

கொண்டையராஜு 1976-இல் காலமானார். காலண்டர் தாள் நீடிக்கிற தாள் அல்ல. பழுத்து ஓரம் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரு வேண்டுகோள். பரணில், பூஜை அறையில் பழைய காலண்டர் படம் இருந்தால் கீழ் மூலையைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் சி. கொண்டையராஜு என்ற கையெழுத்து இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டிய அட்டையிலிருந்து உரிக்கவும் வேண்டாம். கடைப் பெயர் அச்சிட்ட கீழ்ப்பட்டை மிச்சமிருந்தால் அதையும் வெட்டாமல் வையுங்கள். படம் எந்த ஆண்டுடையது என்பதற்குப் பல நேரம் அந்தப் பட்டை ஒன்றுதான் சாட்சி.