மூக்கு ஆபரேஷனுக்குப் பின்



குரோம்பேட்டையில் காலை ரயிலுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேர் வாயால் மூச்சு விடுகிறார்கள், பாருங்கள். மூக்கடைப்பும் முகவலியும் 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் வியாதி. நம் மக்களோ “பீனிசம், தலையெழுத்து” என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். தலையெழுத்தை மூக்குக்குள்ளா எழுதியிருக்கிறது? சைனஸ் அறைகளின் வாசல் வீங்கி அடைபட்டிருக்கிறது; அவ்வளவே. மருந்துக்கு மசியாவிட்டால், மூக்கின் வழியே குழல் விட்டுப் பார்த்து அவ்வாசலைத் திறக்கிறார்கள்.

அதனால் பலன் உண்டா என்று யார் சொல்லுவது? எடுத்த படம் சொன்னால் போதாது, டாக்டர் சொன்னாலும் போதாது, பட்டவனே சொல்லவேண்டும். அதற்கென்று ‘ஸ்நாட் 22’ என்பதாக 22 கேள்விகள் வைத்திருக்கிறார்கள். தூக்கம் வருகிறதா, வேலை ஓடுகிறதா, மனம் சோர்கிறதா, நாலு பேர் முன்னால் கூச்சமாயிருக்கிறதா என்றெல்லாம் கேட்டு, தொல்லைக்குத் தக்கபடி 0 முதல் 5 வரை நோயாளியையே எண் போடச் சொல்லுகிறார்கள். முழுத் தொல்லைக்கு 110. சுமார் 9 குறைந்தால் வாழ்வில் மாறுதல் தெரிந்ததென்று கொள்ளுகிறார்கள். கூலிக்காரன் தூக்கத்தையும் கணக்கில் எடுக்கிற இந்த வைத்தியத்தை நான் மெச்சுகிறேன்.

பெரும்பாலோருக்குச் சுகம் கிடைக்கிறது. ஆனால் இது மந்திரமல்ல. மூக்குச் சதை மறுபடி வளரலாம். வாசனை எல்லோருக்கும் திரும்புவதில்லை. டாக்டர் சொல்லுகிற வரையில், கொதிக்க வைத்து ஆறிய நீரில் உப்பிட்டு மூக்கைக் கழுவுவதையும் மருந்து அடித்துக்கொள்ளுவதையும் விடக்கூடாது. சிலர் பத்தாம் நாளே அதை நிறுத்திவிட்டு டாக்டரைத் திட்டுகிறார்கள்.