கார் ஏறாத தரை

(பட்டிமன்றத் தலைப்பு: இல்லம் சிறப்பது இடத்தாலா? மனத்தாலா? ‘மனத்தாலே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நல்ல தீர்ப்பு வழங்கக் காத்திருக்கும் நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! அவையோரே! பண்டிகைப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்புக் குடும்பங்களே! 

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி போட்டாங்க. “மனசு பெரிசா இருந்தாப் போதுமா? வர்றவங்களை மனசுக்குள்ளயா படுக்க வைப்பீங்க? பாய் விரிக்க இடம் வேணாமா?” நீங்களும் கை தட்டினீங்க. நியாயமான கேள்விதான். அதற்கு நான் ஏட்டிலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. எங்க வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து சொல்றேன். (சிரிப்பு)

மதுரையில் எங்கள் வீடு. கடன் வாங்கிக் கட்டியது. படுக்கையறை மூன்றும் மாடியில். கீழே கூடம், சமையலறை. முன்பக்கம் 10 அடிக்கு 18 அடியில் தகரக் கூரை போட்ட கார் ஷெட். அதிலே ஒரு மாருதி 800. அந்தக் கார் நீளமே 11 அடிதான். அதுக்கு 18 அடி! நான் படிக்கிற அறை 8 அடி. கார் ராத்திரி புரண்டு படுக்கும்னு நெனைச்சோமோ என்னவோ! (பலத்த சிரிப்பு)

ஊரில் தனியாக இருந்த என் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிஞ்சது. “படி ஏறவே கூடாது. கீழேயே கழிப்பறையோட ஓர் அறை வேணும்” என்றார் டாக்டர். எங்கே இருக்கு? கூடத்தில் கட்டில் போட்டோம். வர்றவங்க போறவங்க எல்லாம் பார்க்க, 80 வயசு அம்மா சேலை மாத்த முடியுமா? நாளாக நாளாக அவங்க தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டாங்க. ஏன் தெரியுமா? குடிச்சா ராத்திரியில யாரையாவது எழுப்ப வேண்டியிருக்குமே!

என் வீட்டம்மாதான் கேட்டாங்க: “ஏங்க, கார் ஷெட்டை அத்தைக்கு ரூம் ஆக்கிடலாமே?”

தமிழ்ப் பேராசிரியர் நான். என்ன சொல்லியிருக்கணும்? நான் சொன்னது: “அப்போ காரை எங்கே நிறுத்துறது?” (சிரிப்பு)

சிரிக்காதீங்க. அது அம்மா காதிலே விழுந்துடுச்சு. மறுநாள் காலையில் காபி கொண்டுபோனேன். “தம்பி, நான் ஊருக்கே போயிடறேம்ப்பா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக பார்த்துக்கும்” என்றார்கள். நடுவர் அவர்களே! தாய்மையைப் பற்றி 25 வருஷமா மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கினவன் நான். அன்னிக்கு டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு சொல் வரலை.

அன்றே கார் தெருவுக்குப் போச்சு. அம்மா கட்டில் ஷெட்டுக்கு வந்துச்சு. மனசு பெரிசாயிடுச்சா இல்லையா? (கைதட்டல்)

இருங்க, இருங்க! எதிரணி ஜெயிக்கிற இடம் இங்கேதான் இருக்கு. கார் ஷெட் தரை ஒரு பக்கம் சரிஞ்சு இருக்கும். கழுவுற தண்ணி வாசலுக்கு ஓடணுமே! டம்ளர் கீழே விழுந்தா கேட்டுவரைக்கும் உருண்டு போகுது. அம்மா வாக்கரைப் பிடிச்சு நடந்தா, வாக்கர் அம்மாவை இழுத்துக்கிட்டுப் போகுது. மத்தியானம் தகரம் அடுப்பாக் காயுது. ஷெட் தரை வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி பள்ளம். ஐப்பசி மழையில் தெருத்தண்ணி கட்டில் காலைத் தொட்டுடுச்சு. ஒத்துக்கிறேன் அம்மா! இடத்தைச் சரி பண்ணாம ஒருத்தரை அங்கே படுக்க வச்சா, அதுக்குப் பேர் பாசம் இல்லை. ஒதுக்கி வைக்கிறது.

ஆனால் அந்த இடத்தைச் சரி பண்ணினது எது? புதுக் கார் வாங்கச் சேர்த்து வச்சிருந்த பணத்தை எடுத்தோம். உள்ளாட்சியில் அனுமதி வாங்கினோம். கிராவல் கொட்டி, கான்கிரீட் போட்டு, வீட்டுத் தரைக்குச் சமமா உயர்த்தினோம். தகரத்தைக் கழற்றித் தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்தோம். ஷட்டர் இருந்த இடத்தில் சுவர். காற்று ஓட எதிரெதிரே ஜன்னல். சக்கர நாற்காலி நுழைய மூன்றரை அடிக் கதவு. கழிப்பறைதான் சிக்கல். அறை முன்பக்கம், செப்டிக் டேங்க் பின்பக்கம். கொத்தனார் சொன்னார்: “ஐயா, சந்து வழியா குழாய் கொண்டு போயிடலாம். வாட்டம் மட்டும் சரியாக் கெடைக்கணும்.”

வாட்டம்னா சோகம்னு பாடம் நடத்தினவன் நான். சரிவுக்கும் வாட்டம்னு பேர் உண்டுன்னு அந்தக் கொத்தனார்கிட்டதான் படிச்சேன். குழாய்க்கு வாட்டம் கொடுத்தார். தரையில் இருந்த வாட்டத்தை எடுத்தார். அம்மா முகத்தில் இருந்த வாட்டமும் போயிடுச்சு! (நீண்ட கைதட்டல்)

கார் ஷெட் என்றால் மட்டமா? கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்று ஓர் ஊர். அங்கே ஹியூலெட், பாக்கர்ட் என்ற இரண்டு நண்பர்கள் 1939இல் கம்பெனி தொடங்கியது ஒரு வீட்டுக் கார் ஷெட்டில்தான். அந்தக் கலிபோர்னியாவில் கார் ஷெட்டைத் தனிக் குடியிருப்பாக மாற்றினால், காருக்கு வேறு இடம் காட்டு என்று 2020 முதல் யாரும் கேட்கக் கூடாது. சட்டமே அப்படி! அந்தச் சட்டம் கேட்காததை, பெத்த பிள்ளை நான் கேட்டேன்!

நம்ம திருக்கோவலூருக்கு வாங்க. மழை இரவு. சின்ன இடைகழி. ஒருத்தர் வந்தார், படுத்தார். இரண்டாமவர் வந்தார், இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வந்தார், மூவரும் நின்றார்கள். முதலாழ்வார் மூவர். நாலாவதா நெருக்கிக்கிட்டு வந்தது யாரு? திருமால்! இடம் பெரிசா இருந்ததாலா வந்தார்? படுத்தவர் எழுந்தாரே, அதனால் வந்தார்! (கைதட்டல்)

அந்த அறையில் அம்மா நாலு வருஷம் இருந்தாங்க. ஜன்னல் வழியாக் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசினாங்க. வேண்டிய மட்டும் தண்ணி குடிச்சாங்க. வேப்பமரத்தடியில் காக்கா எச்சத்தோட நிக்கிற காரைப் பார்த்து, “பாவம், வெயில்ல நிக்குதே” என்று அதற்கும் இரங்கினாங்க.

அவங்க காலமான பிறகு என் மகன் கேட்டான்: “அப்பா, இனிமே காரை உள்ளே விடலாமா?” போய்ப் பார்த்தேன். தரை வீட்டோடு சமமா நிக்குது. மனுஷருக்காக ஒரு தடவை உயர்த்தின தரையில் மறுபடி கார் ஏறாது, ஐயா!

இப்போ அந்த அறையில் யார் இருக்காங்க தெரியுமா? என் மாமியார்! (சிரிப்பு, கைதட்டல்) என் அம்மாவுக்கு இடம் கேட்ட மகராசியைப் பெத்தவங்க. இந்தத் தடவை, காரை எங்கே நிறுத்துறதுன்னு நான் கேட்கலை.

பள்ளத்தில் கிடந்த இடத்தை மேலே தூக்கியது மனம். ஆகவே, நடுவர் அவர்களே, இல்லம் சிறப்பது மனத்தாலே, மனத்தாலே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.