வெள்ளைத் தண்ணியும் கறுப்புப் பாறையும்

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பொன்முடி பஸ் ஏறினால் வழியில் கல்லாறு. அங்கே வனத்துறை வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்தால் மீன்முட்டி அருவி. போன வேகத்தில் எல்லாரும் போனை நீட்டுவோம். படத்தில் அருவி மட்டும் இருக்காது, நீலம் போட்ட வேட்டி மாதிரி ஒரு வெள்ளைப் பட்டைதான் தொங்கும்!

காரணம் இதுதான். சுற்றிலும் கறுத்த பாறை, அடர்ந்த மரம். அந்த இருட்டைப் பார்த்து கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தண்ணி வெளுத்துப் போகும். போன் திரையில் அருவியைத் தொட்டால் ஒரு சூரியன் குறி வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பாறை சற்று இருண்டால் பரவாயில்லை, பிறகு சரிசெய்யலாம். வெளுத்த தண்ணியில் நுரையும் நூலும் திரும்பி வராது.

தண்ணி பட்டாக வழியணுமா? கேமராவில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை, கட்டாயம் முக்காலி. உச்சி வெயிலில் இது நடக்காது. மேகம் மூடிய காலைதான் தோது. போலரைசர் ஃபில்டர் இருந்தால் லென்ஸில் மாட்டித் திருப்புங்கள், ஈரப்பாறையின் பளபளப்பு அடங்கி இலைப் பச்சை தெரியும்.

அருவியை நட்டநடுவில் வைக்காதீர்கள். தண்ணி ஓடும் பக்கம் இடம் விடுங்கள். முன்னால் ஒரு பாறையோ, தள்ளி ஓர் ஆளோ நின்றால்தான் உயரம் புரியும். அந்த ஆள் வழுக்குப் பாறையில் ஏற வேண்டாம். லென்ஸில் சாரல் தெறிக்கும், துடைக்கத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.