வேடந்தாங்கல்: பெயரும் காவலும்



செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலின் பெயரிலேயே ஒரு முரண் உறைகிறது. தாங்கல் என்பது இப்பகுதியில் சிற்றேரிக்கு வழங்கும் பெயர். வேடன் பெயர் பூண்ட அந்த ஏரியே பறவைகளுக்குப் புகலிடமாயிற்று.

ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் காவலுரிமை எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் அண்டையிலுள்ள கரிக்கிலியும் வேடந்தாங்கலும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

ஆயினும் ஏட்டினும் மூத்தது உழவர் அறிவு. நவம்பர் முதல் மார்ச் வரை கரையில் நடப்போர் அதனைக் கண்ணாரக் காணலாம். நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரியில் கரைகிறது. அந்நீர் பாயும் வயலுக்கு அதுவே உரம். நன்றி மறவாத ஊரார் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை.

2020-இல், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் பரவிய சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தது. ஏரியோ ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அங்குக் கூடமையும் பறவை இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் சிற்றேரிகளிலுமே. கூட்டைக் காத்து இரைநிலத்தைக் கைவிட்டால் காவல் நிறைவுறாது.

நாரையைப் பாடும் கவிஞர் நத்தை ஊரும் சேற்றையும் பாடுக.