எக்ஸ்ரே நார்மல், அப்புறம் எதுக்கு சிடி?

குழந்தைகளோட ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுறது என் வேலை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் நார்மல். அப்புறம் எதுக்கு டாக்டர் சிடி?" நியாயமான கேள்விதான்.

இது பரம்பரையாக வரும் நோய். சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் கோளாறு இருப்பதால், நுரையீரலில் சளி பிசின் மாதிரி கெட்டியாயிடும். அது சின்ன மூச்சுக்குழாய்களை அடைக்கும், கிருமி தங்கும், குழாயின் சுவர் கெட்டு விரிந்துவிடும். இதுக்குப் பேர் பிராங்கியெக்டேசிஸ். அடைத்த சளியை சிகிச்சையால் வெளியே கொண்டுவரலாம். மோசமாக விரிந்துபோன குழாய் பெரும்பாலும் பழையபடி ஆகாது. அதனாலதான் சீக்கிரம் தெரியணும்.

எக்ஸ்ரேயில் விலா எலும்பு, இதயம், ரத்தக்குழாய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஆரம்ப மாற்றம் அதற்குள் மறைந்துவிடும். சிடி நுரையீரலை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு மூச்சுக்குழாய் பக்கத்திலும் ஒரு தமனி ஓடும். குழாய் அந்தத் தமனியைவிடப் பெருத்திருந்தால், கல் வைத்த மோதிரம் மாதிரி தெரியும். மூச்சை வெளியே விட்ட நிலையிலும் ஒரு படம் எடுப்போம். காற்று வெளியேறிய இடம் சாம்பல் நிறமாகும். காற்று சிக்கிய இடம் கறுப்பாகவே நிற்கும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த், மெல்பர்ன் மருத்துவர்கள், பிறந்ததும் செய்யும் பரிசோதனையில் நோய் தெரிந்த 127 குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. 2013இல் முடிவு வெளியானது. 3 மாதத்திலேயே 29.3 சதவீதம் பேருக்கு சிடியில் பிராங்கியெக்டேசிஸ். 3 வயதில் 61.5 சதவீதம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை ஒழுங்காகச் செய்யக்கூட முடியாத வயசு அது!

அப்படின்னா எல்லா இருமலுக்கும் சிடி எடுக்கலாமா? கூடாது. டோஸைக் குறைத்து எடுத்தாலும் பொதுவாக எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு அதிகம். கைக்குழந்தைக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம். வாழ்நாள் முழுக்கப் படம் எடுக்க வேண்டிய நோயில் இதெல்லாம் கூடிக்கொண்டே போகும். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது. சளி அடைப்பையும் ரத்த ஓட்டத்தையும் நல்லாக் காட்டும். ஆனா சின்னக் குழாய்கள் சிடி அளவுக்குத் துல்லியமாத் தெரியாது, குழந்தை ரொம்ப நேரம் அசையாம படுக்கணும்.

அதனால ஸ்கேன் எழுதிக்கொடுத்தா, பயந்து மறுக்கவும் வேண்டாம், கேட்காம தலையாட்டவும் வேண்டாம். "இந்தப் படத்தால் என் குழந்தையோட சிகிச்சையில் என்ன மாறும்?" என்று டாக்டரிடம் கேளுங்க. பிசியோதெரபியைக் கூட்டணுமா, ஆன்டிபயாடிக்கை மாத்தணுமா என்று தெளிவான பதில் வந்தால், அந்த சிடிக்கு அர்த்தம் இருக்கு. பழைய படங்களையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நோய் எங்கே நகருதுன்னு தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.