எந்த வயதில் வந்தது?

(மருத்துவமனையைத் தாங்குவோர் கூடுகையில், வலிப்பு நோய்ப் பிரிவின் சார்பாக ஆற்றிய உரை)

உங்கள் ஜெபமும் காணிக்கையும் எங்கள் பிரிவில் என்ன செய்கின்றன என்று சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். வரவு செலவு ஆண்டறிக்கையில் இருக்கிறது. நாங்கள் ஒரே ஒரு கேள்வியைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறான். பையன் தரையில் விழுந்து நுரைதள்ளிப் புரளுகிறான். அவனைச் சுகமாக்குமுன் ஆண்டவர் தகப்பனிடம், இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று விசாரிக்கிறார். சின்ன வயதிலிருந்தே என்று தகப்பன் சொல்லுகிறான். பிரசங்கங்களில் நாம் அந்தக் கேள்வியைச் சுலபமாய்த் தாண்டிப் போய்விடுகிறோம். எங்கள் மேஜைக்கு முன் வருகிறவர்களிடமோ நாங்கள் முதலாவது கேட்பது அதைத்தான். எந்த வயதில் தொடங்கியது என்று தெரிந்தால், இது எந்த வகை வலிப்பு, எந்த மருந்து ஏற்றது, எப்போது நிறுத்தலாம் என்பவற்றில் பாதி தெரிந்துவிடும்.

அங்கே அசுத்த ஆவி என்று எழுதியிருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். ஆண்டவர் அன்று செய்ததை நாங்களும் விசுவாசிக்கிறோம். ஆனால் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பிசாசு பிடித்தவர்களும் சந்திரரோகிகளும் தனித்தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறார்கள். வலிப்பு வருகிற பிள்ளையெல்லாம் பிசாசு பிடித்த பிள்ளை அல்ல. ஜெபித்து மருந்து கொடுக்கிறவர்கள் நாங்கள். ஜெபித்தாயிற்று என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்ட பிள்ளைகளை நினைவு தப்பிய நிலையில் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் எங்கள் மனம் உடைகிறது.

மூளைக்கும் வயதுண்டு. அதன் செல்கள் சிறு மின்சாரத்தினால் ஒன்றோடொன்று பேசுகின்றன. கிளப்பிவிடும் செய்தியும் உண்டு, அடக்கும் செய்தியும் உண்டு. அடக்கம் தவறி ஒரு கூட்டம் செல்கள் ஒரே சமயத்தில் கிளம்பினால் அது வலிப்பு. பிறந்த குழந்தையின் மூளையில் இந்த அடக்கம் இன்னும் அமையவில்லை. பிற்பாடு அடக்கப்போகிற இரசாயனமே அந்த நாட்களில் பல செல்களைக் கிளப்பிவிடும். ஆகவே பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தைக்கும், இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோன குழந்தைக்கும் எளிதில் வலிப்பு வருகிறது. பெரியவர்களைப்போல் வெட்டி இழுக்காது. கண் ஒரு பக்கமாய் நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், அவ்வளவே. இரவெல்லாம் விழித்திருக்கும் நர்சு சகோதரிதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு அடுத்த மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்ல அனுமதியுங்கள். மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள் வரும் ஒரு வகை வலிப்பில், குழந்தை சலாம் போடுவதுபோல் தலையைக் குனிந்து, கைகளை விரித்து, ஒரு நொடி மடங்கி நிமிரும். உடனே இன்னொன்று, பின் இன்னொன்று, வரிசையாய் வரும். பெரும்பாலும் தூங்கி எழுந்த வேளையில். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 1841-இல் லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகைக்கு இதை முதன்முதலாய் விவரித்து எழுதினார். அவர் எழுதியது தன் சொந்த மகனைப் பற்றி. தகப்பனும் மருத்துவருமான அவருக்கே அன்று வழி தெரியவில்லை. இன்று வழி இருக்கிறது: ஹார்மோன் ஊசியோ, ஸ்டீராய்டு மருந்தோ, விகாபாட்ரின் மாத்திரையோ சீக்கிரம் தொடங்கினால் பல பிள்ளைகளில் இது அடங்குகிறது. தாமதித்தால், சிரிக்கத் தொடங்கிய பிள்ளை சிரிப்பை மறக்கும், தலை நின்ற பிள்ளைக்குத் தலை சரியும். நம் வீடுகளிலோ பிள்ளை பயந்து திடுக்கிடுகிறது என்பார்கள். வயிற்று வலி என்பார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று உரம் எடுக்கக் கொண்டுபோவார்கள். அதில் மாதங்கள் போய்விடுகின்றன. அந்த மாதங்களை எந்த மருந்தாலும் எங்களால் திருப்பித் தர முடிவதில்லை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பைக் கண்டால் பெற்றோர் நடுங்கிப்போகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வளர வளர நின்றுவிடும், தினசரி மாத்திரையும் வேண்டியதில்லை. பள்ளி வயதில் இன்னொரு வகை: பிள்ளை பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடரும். ஒரு நாளில் பலமுறை. கவனமில்லை என்று அடி வாங்குகிற பிள்ளைகளில் இவர்களும் உண்டு. ஆசிரியப் பணியில் இருக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

வாலிப வயதில், காலையில் எழுந்தவுடன் கை சடக்கென வெட்டி காப்பி டம்ளர் கீழே விழும். பரீட்சைக்கு விழித்த இரவுகளுக்குப் பின் ஒருநாள் பெரிய வலிப்பாகவே வந்துவிடும். கார்பமசெபின் பல வலிப்புகளுக்கு நல்ல மருந்து. இந்த வகைக்கு அதைக் கொடுத்தால் வெட்டு அதிகமாகலாம். வயதையும் காலை வேளையையும் விசாரியாமல் எழுதிய சீட்டு இப்படித்தான் கெடுதல் செய்கிறது.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. முன்பு ஸ்கேனில் சிறு வளையம்போல் ஒன்று தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். 1980-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் அவற்றை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் என்று காட்டினார்கள். பிற்பாடு வேலூர் மாவட்டத்தில் செய்த ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாயிருந்தது. மனித மலத்திலிருந்து புழுவின் முட்டை தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் சேர்கிறது. ஆகையால் மாமிசம் தொடாதவருக்கும் இது வரும். கக்கூஸ் கட்டக் கொடுக்கிற காணிக்கையும் வலிப்பு நோய்க்கான காணிக்கைதான்.

இனி, கலியாண வயது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று பெண்ணின் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிரையே எடுக்கலாம். வேறொரு காரியமும் உண்டு. வால்புரோயேட் என்ற மருந்து நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்பகாலத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு சிசுவுக்குப் பெரிய ஊனம் ஏற்படக்கூடும், பிள்ளையின் புத்தி வளர்ச்சியும் குன்றலாம். ஆகையால் கலியாணத்துக்கு வெகு முன்பாகவே எங்களிடம் வந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தாங்களாக நிறுத்தலாகாது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை 1999-இல் நீக்கிவிட்டார்கள். சபையார் நம் மனதிலிருந்து எப்போது நீக்குவோமோ தெரியவில்லை.

வலிப்பு மறுபடியும் அதிகமாய் வருவது அறுபது வயதுக்கு மேல். பக்கவாதத்தின் தழும்பு, ஞாபகமறதி வியாதி, மூளைக் கட்டி ஆகியவை காரணங்கள். பெரியவர் பல சமயம் கீழே விழுவதில்லை. சற்று நேரம் பதில் சொல்லாமல் விழிப்பார், துணியைப் பிசைவார், பிறகு குழம்பிப் பேசுவார். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். குறைந்த அளவு மருந்திலேயே இவர்களில் அநேகருக்கு நின்றுவிடுகிறது.

எந்த வயதானாலும் கையில் இரும்பு கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் வண்டி பிடியுங்கள்.

சரியான மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஆனால் வலிப்பு நின்ற பிறகும் பொதுவாக இரண்டு வருஷமாவது இடைவிடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரையின் விலையைவிட, பஸ் கூலியும் ஒருநாள் சம்பள இழப்பும்தான் ஏழைகளை நிறுத்த வைக்கிறது. ஆகவே உங்கள் நிதியிலிருந்து மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்தனுப்புகிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம்: உங்கள் தெருவில் கைக்குழந்தை சலாம் போடுவதுபோல் மடங்குகிறது என்று கேள்விப்பட்டால், செல்போனில் படம் எடுக்கச் சொல்லி, அந்த வாரத்திலேயே தாயையும் பிள்ளையையும் எங்களிடம் அனுப்பிவையுங்கள். பஸ் கூலியை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.