அடுப்புப் புகைவதன் காரணங்களும் பரிகாரமும்

(எண்ணூர்ப் பகுதி ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தவணைப் பணத்தைப் பற்றிப் பேசவேண்டிய இன்ஸ்பெக்டர் அடுப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். சென்ற முறை தணிக்கைக்கு வந்தபோது ஓர் அங்கத்தினர், புகைபோக்கி அடுப்புக்கென்று பெற்ற கடனில் இனி ஒரு தவணையும் செலுத்துவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். அடுப்பு முன்னிலும் அதிகமாகப் புகைகிறது, மனையாளுக்குக் கண் எரிச்சலும் இருமலும் நீங்கவில்லை என்பது அவர் வழக்கு. நேரிற் சென்று பார்த்தேன். பெரிய அடுப்பின்மேல் பானையை ஏற்றிவிட்டு, கொடியடுப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள். மேலும், பழைய வழக்கப்படி பானைக்கு அடியில் மூன்று குமிழ்களும் வைத்திருந்தபடியால் சுற்றிலும் இடுக்கு.

சூடேறிய காற்று குழாய் வழியே மேலேறுகையில், அடுப்பின் வாயிலிருந்து புதுக்காற்றை உள்ளே இழுக்கிறது. நடுவில் திறப்பிருப்பின் அவ்விழுப்புக் குன்றி, புகை அங்கேயே வெளிப்படும். குமிழ்களைத் தட்டிவிட்டு, கொடியடுப்பை ஒரு மண்தட்டால் மூடினோம். புகை அடங்கிற்று, தவணையும் வந்தது.

இவ்வகை அடுப்பு நமக்குப் புதிதன்று. ஹைதராபாத் இஞ்சினீயரிங் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு இதைப் பற்றி எழுதிய சிறு புத்தகம் 1953-இல் நம் சென்னையிலேயே வெளியாயிற்று. 1983 முதல் 2002 வரையில் மத்திய சர்க்கார் தேசமெங்கும் திருந்திய அடுப்புகளைப் பரப்பிற்று. அவற்றில் பல, பழுது பார்ப்பாரின்றிக் கைவிடப்பட்டன. 2016-இல் உஜ்வலா திட்டம் வந்த பின்பும், காஸ் உருளையின் கிரயத்துக்கு அஞ்சி விறகை விடாத குடும்பங்கள் உண்டு. ஆகவே பழுது பார்க்கும் முறையை நாமே அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் ஒரு காகிதத் துண்டைக் கொளுத்தி அடுப்பின் வாயருகே பிடியுங்கள். சுடர் உள்ளே சாயுமாயின் குழாயில் குற்றமில்லை. சாயாவிடில் உள்ளே கரி அடைத்திருக்கும். தேங்காய் நார்க் கொத்தைக் கயிற்றில் கட்டி, அடியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கி ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை இது போதும். மழைக்கால விடியலில் மட்டும் புகைந்தால் குழாய் குளிர்ந்திருக்கிறதென்று பொருள். காய்ந்த ஓலையைச் சற்று எரித்தால் சரியாகும். பிற்பகலில் மட்டும் புகைந்தால் கடற்காற்று புகையைத் திருப்பித் தள்ளுகிறது. கடலோரத்தாராகிய நமக்கு இதுவே பெருந்தொல்லை. குழாயின் தலையைக் கூரை முகட்டுக்கு மேல் 2 அடியாவது உயர்த்தி, பக்கங்களில் வழிவிட்டு மூடி போடவேண்டும்.

இழுப்பு நன்றாயிருந்தும் புகைகிறதென்றால் விறகைப் பாருங்கள். இன்று ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே பட்டணத்துக்குப் படகில் விறகு வந்த காலம் உண்டு. எங்கிருந்து வந்தாலும் ஈர விறகு ஈர விறகே. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். எடை போட்டு வாங்குகிறவர் தண்ணீருக்குக் கிரயம் கொடுக்கிறார். பிறகு அத்தண்ணீரை ஆவியாக்கவும் விறகையே செலவிடுகிறார். சவுக்குக் கட்டைகள் இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: உலர்ந்தது கணீரென்னும், ஈரமானது மொத்தென்னும். பிளந்து, தரையில் படாமல், மழை நனையாத இடத்தில் அடுக்கிவைப்பதே பரிகாரம்.

துறைமுகப் பக்கத்துச் சாயப் பலகைகளும், தார் பூசிய பழைய படகுக் கட்டைகளும் சும்மா கிடைக்கின்றன என்று அடுப்பில் வைக்கவேண்டாம். கடலுப்பு ஊறிய மரமும் அவ்வாறே. அதன் புகை நஞ்சு, இரும்புக் குழாயையும் அரித்துவிடும்.

கீற்றுக் கூரையுள்ளோர் ஒன்று கவனிக்க. குழாய் கூரையை ஊடுருவுமிடத்தில் கீற்றுச் சூடேறித் தீப்பற்றக்கூடும். சுற்றிலும் ஒரு சாணுக்குக் குறையாமல் கீற்றை விலக்கி, இடைவெளியைத் தகட்டால் மூடவேண்டும். இத்தெருக்கோடியில் அவ்வாறு அமைத்த வீடொன்று இருக்கிறது. விருப்பமுள்ளோர் கூட்டம் கலைந்ததும் என்னுடன் வந்து பார்க்கலாம்.